வேண்டும் என்ற சொல் வேண்டாமாம்

நான், என், எனக்கு, நீ, உன், அவள், அவர், யார், ஏன், வேண்டும்.

இந்தப் பத்துச் சொற்களையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், இவை இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பேச முடியாது. தமிழ்க் கணிமையில் கைமாறிக் கைமாறிப் புழங்கிவரும் ‘ஸ்டாப் வேர்ட்’ பட்டியல் ஒன்றில் இந்தப் பத்தும் இருக்கின்றன. ஸ்டாப் வேர்ட் என்றால், ஒரு பிரதியைத் தேடலுக்குத் தயார்செய்யும்போது கண்ணில் பட்டதும் கழித்துவிட வேண்டிய சொல் என்று பொருள். பொருளற்றது, அடிக்கடி வருவது, இடத்தை அடைப்பது என்று காரணம் சொல்வார்கள். அவளும் பொருளற்றவள், அவள் கேட்கும் ‘ஏன்’ பொருளற்றது, அவளுக்கு ‘வேண்டும்’ என்பதும் பொருளற்றது. இதை ஒரு பஞ்சாயத்தில் யாராவது எழுந்து சொல்லியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? கணினிக் கோப்பில் இருப்பதால், ‘அது டெக்னிக்கல் விஷயம்’ என்று கடந்துபோகிறோம்.

டெக்னிக்கல் விஷயம்தான். அதனாலேயே அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். நாம் தேடும் நேரத்தில் தேடுபொறி எந்த ஆவணத்தையும் புரட்டிப் படிப்பதில்லை. முன்கூட்டியே படித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று எழுதிவைத்திருக்கிறது. நாம் தட்டும் சொல்லை அந்த அடைவில்தான் தேடுகிறது. அடைவு போட வேண்டுமென்றால் முதலில் பிரதியைத் துண்டுபோட வேண்டும். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். நறுக்கிய டோக்கன்கள் வரிசையாகச் சில வடிகட்டிகள் வழியே ஓடுகின்றன. ஒரு வடிகட்டி ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மாற்றும். இன்னொன்று ஸ்டாப் வேர்டுகளைத் தூக்கி எறியும். மற்றொன்று விகுதியையும் உருபையும் வெட்டி, வேரை மட்டும் விடும். எல்லாம் முடிந்து எஞ்சுவது அடைவில் ஏறும். ரேஷன் கடையானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும், டோக்கன் இல்லாதவரை வரிசையில் நிற்கவிடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். மூலப் பிரதியில் அந்தச் சொல் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு யாரும் அந்தப் பிரதியைக் கண்டுபிடிக்க முடியாது.

‘எனக்கு அப்பா சொத்தில் பங்கு வேண்டும்.’ இந்த வாக்கியத்தை அந்தப் பட்டியல் வழியாக ஓட்டினால் மிஞ்சுவது: அப்பா, சொத்தில், பங்கு. கேட்டவள் இல்லை, கேட்டதும் இல்லை. அப்பாவும் சொத்தும் பங்கும் பத்திரமாக இருக்கின்றன. 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் நாடு முழுவதற்குமாக ஒன்றிய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பிறப்பாலேயே மகளுக்கும் பங்கு உண்டு என்று எழுதிவிட்டன. அதற்குப் பிறகும் எத்தனை வீடுகளில் அக்கா தங்கைகளை வரவழைத்து விருந்து போட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். சட்டம் வந்த பிறகு மிச்சமிருக்கும் சண்டை முழுக்க அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது: வேண்டும் என்று அவள் வாய் திறக்கிறாளா, இல்லையா. நாளை ஒரு மாணவி நூறு பெண்களின் வாய்மொழிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, ‘வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?’ என்று தேடினால், அப்படி ஒரு சொல்லே யாரும் சொல்லவில்லை என்று அடைவு பதில் சொல்லும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஐபிஎம் நிறுவனத்தில் வேலைபார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைகளுக்குத் தானாகவே சுருக்கம் எழுதும் முறையைப் பற்றி 1958-இல் எழுதினார். அளவுக்கு மீறி அடிக்கடி வரும் சொற்களை அவர் இரைச்சல் என்ற கணக்கில் வைத்து ஒதுக்கினார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. துளை அட்டையிலும் காந்த நாடாவிலும் வேலைசெய்த காலம். ஒவ்வொரு சொல்லுக்கும் இடமும் நேரமும் பணமும் செலவு. அவர் கையிலிருந்தவை அறிவியல் கட்டுரைகள். அவற்றில் ‘நான்’ வருவதில்லை, வந்தால் அது இரைச்சலாகவே இருந்திருக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகு வந்தவர்களிடம் இருக்கிறது. அறிவியல் கட்டுரைக்குப் போட்ட கணக்கை வாக்குமூலத்துக்கும் கடிதத்துக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் அப்படியே போட்டவர்கள் அவர்கள். (பெண் பேச்சை இரைச்சல் என்று சொல்ல நம் ஊருக்கு ஐபிஎம் தேவைப்படவில்லை. புலம்பல், நச்சரிப்பு, வம்பு என்று நமக்குச் சொந்தமாகவே ஒரு பட்டியல் இருக்கிறது.)

ஆங்கிலத்திலும் நிலைமை இதுதான். உலகம் முழுக்கப் பயன்படும் தேடல் மென்பொருள்களில் பலவும் லூசீன் என்ற திறந்தமூலத் தொகுப்பின்மேல் கட்டப்பட்டவை. அதன் ஆங்கில ஸ்டாப் வேர்ட் பட்டியல் மிகச் சிறியது, 33 சொற்கள். அந்த 33-க்குள் ‘நோ’வும் ‘நாட்’டும் உண்டு. ‘நோ மீன்ஸ் நோ’ என்ற முழக்கத்தை அதில் போட்டால், இரண்டு ‘நோ’வும் போய் நடுவில் உள்ள ‘மீன்ஸ்’ மிஞ்சும். அதன் விகுதியும் வெட்டுப்பட்டு ‘மீன்’ ஆகும். இத்தனை ஆண்டு போராட்டத்துக்கு ஒரு மீன். கல்லூரிகளில் பாடமாகவே கற்றுக்கொடுக்கப்படும் என்எல்டிகே தொகுப்பின் பட்டியல் இன்னும் நீளம். அதில் ‘ஷீ’, ‘ஹெர்’, ‘ஹூ’, ‘ஒய்’ எல்லாம் உண்டு; எதிராக என்று பொருள்படும் ‘அகெய்ன்ஸ்ட்’ உண்டு; சொந்தமான என்று பொருள்படும் ‘ஓன்’ உண்டு. பெண்களுக்கு எதிரான வன்முறை என்ற ஆங்கிலத் தொடர் அந்த வடிகட்டியில் ‘வன்முறை, பெண்கள்’ என்று வெளியே வருகிறது. யார் யாருக்குச் செய்த வன்முறை என்பதை இனி நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வர்ஜீனியா உல்ஃப் 1929-இல் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறை கேட்டு எழுதிய நூலின் தலைப்பில் ‘அறை’யும் ‘ஒன்று’ம் தப்பிக்கும். ‘தனக்கென்று’ போய்விடும்.

சொற்களைத் துண்டுபோடும் இந்த வேலையின் தொடக்கத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியைச் சேர்ந்த ரொபெர்ட்டோ புசா என்ற இயேசு சபைப் பாதிரியார், தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளுக்கு முழுச் சொல்லடைவு போட நினைத்து, 1949-இல் ஐபிஎம் தலைவரைப் போய்ப் பார்த்து உதவி கேட்டார். ஒரு கோடிச் சொற்களுக்கு மேல். ஒவ்வொரு சொல்லும் அட்டையில் துளையாக ஏற வேண்டும். கல்லராத்தே என்ற ஊரில் அதற்காக ஒரு பயிற்சிக்கூடம் திறந்து, இளம்பெண்களைச் சேர்த்து, அட்டை துளைக்க வைத்தார்கள். அவர்களுக்கு லத்தீன் தெரியாது. தெரியாதது நல்லதாகவே கருதப்பட்டது. பொருள் புரிந்தால் கை தன்னிஷ்டத்துக்குத் திருத்திவிடும், புரியாவிட்டால் இருப்பதை இருப்பதுபோலத் தட்டும் என்பது கணக்கு. அந்த அடைவு 1974 முதல் 56 தொகுதிகளாக அச்சில் வந்தது. புசாவுக்குக் கணினி மானுடவியல் துறையின் முன்னோடி என்ற பெயர் கிடைத்தது, அவர் பெயரில் விருதும் இருக்கிறது. அந்தப் பெண்கள் புகைப்படங்களில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் இல்லாமல். அரை நூற்றாண்டு கழித்து மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் போன்ற ஆய்வாளர்கள் தேடிப் போன பிறகுதான் அவர்களில் சிலர் யார் என்று தெரியவந்தது.

இனி தமிழுக்கு வருவோம். இதைக் கணினி அறிவியல் மாணவிகள் தங்கள் மடிக்கணினியில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். பைதான் மொழியில் சைகிட்-லேர்ன் என்ற தொகுப்பு இருக்கிறது. ஆவணத் தேடல், ஒப்புமைத் தேடல் என்று கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் கையிலெடுப்பது அதன் டிஎஃப்-ஐடிஎஃப் கருவியைத்தான். அதில் எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகள் இடைவிடாமல் ஒட்டி வந்தால் மட்டுமே அதை ஒரு டோக்கன் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குச் சரி. ஆனால் கணினிக்குள் ‘பெ’ என்பது ஒரே எழுத்தல்ல. ‘ப’வும் ஒற்றைக்கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ‘ண்’ என்பது ‘ண’வும் புள்ளியும். கொம்பு, கால், கொக்கி, புள்ளி எதையும் பைதானின் அந்த விதி எழுத்தாகக் கருதுவதில்லை. அந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று முறித்துவிடும்.

இப்போது ‘ஆண்’ என்று கொடுங்கள். ‘ஆ’ ஒரு எழுத்து, ‘ண’ அடுத்த எழுத்து, இரண்டும் ஒட்டி வருகின்றன. புள்ளி மட்டும் உதிர்ந்து ‘ஆண’ என்று அடைவில் ஏறும். ‘பெண்’ என்று கொடுங்கள். ‘ப’ தனியாக நிற்கும், கொம்பு முறிக்கும், ‘ண’ தனியாக நிற்கும், புள்ளி முறிக்கும். ஒற்றை எழுத்துகள் டோக்கன் ஆகாது. எதுவும் மிஞ்சாது. பூஜ்ஜியம். ‘பெண்கள்’ என்று கேட்டால், புள்ளியையும் இழந்த ‘கள’ மட்டும் வரும். ‘கணவன்’ ஏறக்குறைய முழுசாக ‘கணவன’ என்று உள்ளே போவான். ‘மனைவி’ ‘மன’ ஆவாள். தாய், வீடு, வேலை, கூலி, சாதி, நீதி ஆறும் அடையாளமில்லாமல் அழியும்.

இது தற்செயல்தான். யாரும் உட்கார்ந்து பெண்ணை ஒழிப்போம் என்று எழுதவில்லை. மகளும் மகனும் இதே விதியில் சரிசமமாகத் தப்பிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தற்செயலுக்கும் ஒரு அரசியல் உண்டு: அது யார் தலையில் விழுந்தால் உடனே சரிசெய்யப்படும், யார் தலையில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பது. ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு இந்த விதி உதவாது என்று பைதானின் பிழைப் பதிவேட்டில் 2007-இலேயே ஒருவர் எழுதிவைத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் விதி அப்படியேதான் இருந்தது. தீர்வு தெரியாததால் அல்ல. யூனிகோடு அமைப்பின் சொல்லெல்லை விதி, கொம்பையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே வைத்திருக்கச் சொல்கிறது. லூசீன் அதைப் பின்பற்றுவதால் அங்கே ‘பெண்’ பெண்ணாகவே இருக்கிறாள். ஆங்கிலத்தில் ‘மேன்’ என்ற சொல் ஒரு பிரபல மென்பொருளில் காணாமல் போயிருந்தால் எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள்?

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. டிஎஃப்-ஐடிஎஃப் என்ற பெயரின் பின்பாதி ஒரு பெண்ணின் கருத்து. கேம்பிரிட்ஜில் வேலைபார்த்த காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதிய கட்டுரையில் அதை முன்வைத்தார். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பார். குறைவான ஆவணங்களில் வந்தால் அதற்கு எடை அதிகம், எல்லாவற்றிலும் வந்தால் எடை குறைவு. எல்லா இடத்திலும் புழங்கும் சொல்லைத் தூக்கி எறியத் தேவையில்லை, அது இலேசாக ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் இதன் உட்பொருள். இன்றைய தேடுபொறிகளின் அடித்தளத்தில் இந்தக் கருத்து இருக்கிறது. இவ்வளவு செய்தவருக்குப் பேராசிரியர் பதவி 1999-இல்தான் வந்தது, அறுபது வயதைத் தாண்டிய பிறகு. கணிமையை ஆண்கள் கையில் மட்டும் விட்டுவிட முடியாது, அது அவ்வளவு முக்கியமானது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். அவருடைய கருத்தைப் பெயரில் சுமக்கும் கருவி தமிழில் பெண்ணைப் பூஜ்ஜியமாக்குகிறது.

விகுதி வெட்டும் வடிகட்டியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எனக்கு மிகுந்த கோபம் அதன்மேல்தான். ஆங்கிலத்தில் யார் யாரை அடித்தார் என்பதைச் சொற்களின் வரிசை சொல்கிறது. அடைவில் வரிசை எண்ணையும் குறித்துவைக்கும் வசதி இருப்பதால், விகுதியை வெட்டினாலும் அந்தச் செய்தி முழுதாகத் தொலைவதில்லை. தமிழில் வரிசையை எப்படி மாற்றினாலும் பொருள் மாறாது. ‘அவன் அவளை அடித்தான்’, ‘அவளை அவன் அடித்தான்’ இரண்டும் ஒன்று. அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதை ‘ஐ’ என்ற உருபும் ‘ஆன்’ என்ற விகுதியும்தான் தாங்கி நிற்கின்றன. இரண்டையும் வெட்டினால் ‘அவன், அவள், அடி’ என்று மூன்று துண்டு கிடைக்கும். ‘அவனை அவள் அடித்தாள்’ என்ற வாக்கியத்தை வெட்டினாலும் அதே மூன்றுதான். அடித்தவனும் அடிபட்டவளும் அடைவில் சமமாகிவிடுகிறார்கள். குடும்பநலப் பேச்சுவார்த்தைகளில் ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்மா’ என்று சொல்வார்களே, அதைக் கணினி தானாகவே செய்கிறது.

‘உம்’மையும் வெட்டுகிறார்கள். ‘எனக்குப் பங்கு’ என்பதற்கும் ‘எனக்கும் பங்கு’ என்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு அசைதான். அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவன் பெயரைச் சொல்லாமலே சொல்லிவிடும் உம்மை அது. எச்ச உம்மை என்பார்கள். தமிழில் சமத்துவத்தைக் கேட்பதற்கு இதைவிடச் சிறிய சொல் கிடையாது. தொல்காப்பியம் இப்படிப்பட்ட சொற்களுக்கென்றே இடையியல் என்று ஓர் இயல் ஒதுக்கியது. தனித்து நிற்காவிட்டாலும் பொருள் தருகின்றன என்று நம் இலக்கணம் ஒப்புக்கொண்டதை, நாம் கடன் வாங்கிய வடிகட்டி குப்பை என்கிறது.

அப்புறம் ‘அவர்’. நம் அம்மாக்களும் பாட்டிகளும் கணவன் பெயரைச் சொன்னதில்லை. வாழ்நாள் முழுவதும் அவர், இவர், அவுக, அவங்க. அடித்த இரவைச் சொல்லும்போதுகூட ‘அவர் அடிச்சாரு’ என்று மரியாதை விகுதியோடுதான் வாய் வரும். ஒரு மூதாட்டியின் வாழ்க்கைப் பதிவில் அந்த மனிதரைக் குறிக்க அவளிடம் இருக்கும் ஒரே சொல் ‘அவர்’. நம் பட்டியலில் அவரும் உண்டு, இவரும் உண்டு. ஆக, வழக்கம் அவர் பெயரை அவள் வாயிலிருந்து எடுத்தது. மிச்சமிருந்ததை மென்பொருள் எடுத்தது. ‘அடிச்சாரு’ என்பது எழுத்துத்தமிழ் விகுதிகளை மட்டும் அறிந்த வெட்டுக்கருவிக்குப் பிடிபடாமல், ‘அடித்தார்’ என்று தேடுபவர் கைக்கும் எட்டாமல், தனியே கிடக்கும்.

இதெல்லாம் பழைய முறை, இப்போது தேடுபொறிகள் வாக்கியத்தையே புரிந்துகொள்கின்றன என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 2019 அக்டோபரில் கூகுள் தன் தேடலில் பெர்ட் என்ற மொழி மாதிரியைக் கொண்டுவந்தபோது காட்டிய உதாரணம், பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்ற தேடல். ‘டு’ என்ற சின்னச் சொல்லை முன்பு பொருட்படுத்தாமல் திசையைத் தப்பாகப் புரிந்துகொண்டோம், இனி சரியாகப் புரியும் என்றார்கள். அதே ஆண்டு வந்த லூசீனின் எட்டாம் பதிப்பில், பொதுவான பகுப்பியின் இயல்பு நிலையிலிருந்து ஸ்டாப் வேர்ட் பட்டியலே எடுக்கப்பட்டது. ஆக, சின்னச் சொல் இரைச்சல் அல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. விசா கேட்பவருக்காக ஒப்புக்கொண்டதை நமக்காகவும் கேட்பதில் என்ன தயக்கம்? நம் நூலகங்களும் கல்லூரி ஆவணக்காப்பகங்களும் சிற்றிதழ்த் தொகுப்புகளும் கூகுளின் கணினிகளில் ஓடுவதில்லை. எங்கிருந்தோ இறக்கிய பட்டியலோடும், யாரோ எழுதிய வெட்டுக்கருவியோடும் ஓடுகின்றன. அவற்றைப் பொருத்துபவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்திருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பெண்களின் எழுத்தையோ வாய்மொழியையோ மின்னாக்கம் செய்யும் எவரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: உங்கள் ஸ்டாப் வேர்ட் பட்டியலைக் காட்டுங்கள். பெயர்ப்பட்டியல், நன்றியுரை எல்லாம் அச்சிடுகிறீர்களே, எந்தெந்தச் சொற்களைக் கழித்தீர்கள் என்பதையும் தளத்திலேயே போடுங்கள். வெட்டாத சொல்லையும் வெட்டிய வேரையும் இரண்டு அடைவாக வைத்தால் போதும். ஒரு பெண் ‘எனக்கும்’ என்று சொன்ன இடத்தைத் தேட வேண்டியவள் தேடிக்கொள்வாள். இடம் போதாது என்ற லூனின் காலத்துக் காரணம் இன்று செல்லாது. சட்டைப் பையில் இருக்கும் செல்பேசியில் அக்குவினாஸின் அத்தனை தொகுதிகளும் அடங்கும்.

புராஜெக்ட் செய்யும் மாணவிகளுக்கு வேலை இன்னும் எளிது. அந்தக் கருவியில் டோக்கன் எது என்று சொல்லும் ஒரு வரி இருக்கிறது. அதை மாற்றி, இடைவெளியில் மட்டும் முறிக்கச் சொல்லுங்கள். நிறுத்தற்குறிகளை முன்னதாகவே நீக்கிவிடுங்கள். ஸ்டாப் வேர்ட் கோப்பைத் திறந்து, தேவையென்று நீங்கள் நினைக்கும் சொற்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வைவாவில் ‘இயல்பு நிலையை ஏன் மாற்றினாய்?’ என்று கேட்பார்கள். பதிலாக நீளமாக எதுவும் பேச வேண்டாம். ‘பெண்’ என்ற சொல்லை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டுங்கள்.